முதலில் மண் உண்ண வேண்டும்

சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், திருவள்ளூரைக் கடந்து திருத்தணி மலையை நோக்கிப் போகும் வழியில் இருக்கும் கனகம்மாசத்திரத்தைச் சுற்றிலும், ஏரிப் பாசனம் உள்ள இடங்களில் நெல்லும் கரும்பும், மேட்டு நிலங்களில் வேர்க்கடலையும் விளைகின்றன. 1960ஆம் ஆண்டில் சித்தூர் ஜில்லாவிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த இந்தத் திருத்தணிப் பிரதேசத்தில், தமிழ் பேசும் குடியானவரும் தெலுங்கு பேசும் குடியானவரும் ஒரே ஏரித் தண்ணீரைப் பங்கிட்டு உழுது வருகிறார்கள். தொழு எருவும், பசுந்தழையும், கடலைப் பிண்ணாக்கும், வேப்பம் பிண்ணாக்கும் நிலத்துக்கு நல்லவை என்பது இவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டாத அனுபவ ஞானம். ஆயினும், நிலத்தில் இட்ட பிண்ணாக்கை எந்தப் பயிரின் வேரும் அப்படியே உண்பதில்லை என்பதும், அதனை முதலில் உண்பது கண்ணுக்குப் புலனாகாத வேறொரு ஜீவராசி என்பதும், அந்த ஜீவராசி உண்டு கழித்த மிச்சமே பயிருக்கு ஆகாரமாக வாய்க்கிறது என்பதும், விஞ்ஞானம் சென்ற நூறு நூற்றைம்பது ஆண்டுகளில் சிறிது சிறிதாகத் தெளிந்துகொண்ட உண்மைகள். இவற்றை நன்றாக அறிந்துகொள்பவன், எருவை எப்பொழுது இடுவது, எதனோடு சேர்த்து இடுவது, எங்கே இடக்கூடாது என்ற கேள்விகளுக்கெல்லாம் தானே விடை காண்பான்.

கடலைப் பிண்ணாக்கையே எடுத்துக்கொள்வோம். செக்கில் எண்ணெய் பிரிந்தபின் எஞ்சும் இப்பிண்ணாக்கில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்கு புரதம். நூற்றுக்கு ஏழு பங்கு நைட்ரஜன், அதாவது உழவர் மொழியில் தழைச்சத்து. புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் சிறு அணுக்கூட்டங்கள் நூற்றுக்கணக்கில் ஒன்றோடொன்று கைகோத்து நிற்கும் நீண்ட தொடர். இயற்கையிலுள்ள புரதங்களெல்லாம் பெரும்பாலும் இருபது வகை அமினோ அமிலங்களாலேயே ஆனவை. வேர்க்கடலையின் புரதமும், தக்கைப்பூண்டின் இலையிலுள்ள புரதமும், உழவு மாட்டின் தசையும், மண்ணில் மடியும் புழுவின் உடலும் இந்த இருபதின் வெவ்வேறு வரிசைகளே. மண்ணிலுள்ள மொத்த நைட்ரஜனில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் இவ்வாறு சேதனப் பொருள்களோடு பிணைந்தே கிடக்கிறது; அதிலும் மூன்றில் ஒரு பங்கு அளவு அமினோ அமிலங்களின் வடிவில் இருக்கிறது. அமெரிக்க நாட்டு மண்ணியல் நிபுணர்களான ஷ்ரைனரும் ஷோரியும் 1910ஆம் ஆண்டில் வயல் மண்ணிலிருந்து ஆர்ஜினின், ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலங்களையே தனியாகப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள்.

ஆனால் புரதத் தொடர் மிகப் பெரியது. பாக்டீரியாவின் உடலோ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு நீளமே உடையது. ஆகவே அது தன் ஆகாரத்தை வெளியிலேயே ஜீரணிக்க வேண்டியிருக்கிறது. பாஸில்லஸ், சூடோமோனஸ், ஸ்ட்ரெப்டோமைசிஸ் முதலிய மண் பாக்டீரியாக்கள், புரதத்தை வெட்டும் நொதிகளைத் தம் உடலிலிருந்து மண்ணின் ஈரத்தில் கசியவிடுகின்றன. அந்நொதிகள் நீண்ட தொடரைத் துண்டுகளாகவும், துண்டுகளைத் தனித்தனி அமினோ அமிலங்களாகவும் அறுக்கின்றன. அவ்வாறு விடுபட்ட அமினோ அமிலம் மண்ணின் நீரில் நெடுநேரம் தனித்திருப்பதில்லை. நல்ல மண் ஒரு கிராமில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் பசியோடு காத்திருக்க, சில மணி நேரத்துக்குள்ளாகவே அது ஏதேனும் ஒன்றன் உடலுக்குள் இழுத்துக்கொள்ளப்படுகிறது. இதனாலேயே, மண்ணில் அமினோ அமிலம் ஓயாமல் உற்பத்தியாகிக்கொண்டிருந்தும், எந்த நிமிஷத்தில் அளந்து பார்த்தாலும் அதன் அளவு மிகச் சொற்பமாகவே காணப்படுகிறது.

உள்ளே சென்ற அமினோ அமிலத்துக்கு நேர்வதுதான் இவ்விஷயத்தின் இருதயம். ஒவ்வோர் அமினோ அமிலத்திலும் இரண்டு பகுதிகள் உண்டு: ஒன்று, கார்பன் அணுக்களால் ஆன உடல், மற்றொன்று, அவ்வுடலில் ஒட்டியிருக்கும் நைட்ரஜன் கூட்டமாகிய அமினோ தொகுதி. பாக்டீரியாவுக்கு உயிர் வாழ்வதற்குரிய சக்தி கார்பன் உடலை எரிப்பதனால் கிடைப்பது. அதை எரிக்க வேண்டுமாயின் அமினோ தொகுதி முதலில் கழற்றப்படவேண்டும். நெல்லைக் குத்துகிறவள் அரிசியை வைத்துக்கொண்டு உமியைப் புடைத்துத் தள்ளுவதுபோல, பாக்டீரியா கார்பனை வைத்துக்கொண்டு, தன் தேவைக்கு மிஞ்சிய நைட்ரஜனை அம்மோனியாவாக வெளியே தள்ளிவிடுகிறது. பயிர் நாடி வருவதோ தள்ளப்பட்ட அந்தப் பொருளையே.

கழற்றும் முறை எல்லா அமினோ அமிலங்களுக்கும் ஒன்றல்ல. அலனின் என்பது நைட்ரஜனை இழந்தவுடன் பைருவிக் அமிலமாகிறது. இது சர்க்கரை எரியும்போது உண்டாகும் அதே பொருளாதலால், பாக்டீரியாவின் உயிர்த்தீயில் நேராகச் சேர்ந்துவிடுகிறது. ஆஸ்பார்ட்டிக் அமிலம், அதற்கென்றே அமைந்த ஒரு நொதியினால், ஒரே வெட்டில் ஃபியூமாரிக் அமிலமாகவும் அம்மோனியாவாகவும் பிரிகிறது. இவ்வாறு நேரே கழலாத பலவும், தம் அமினோ தொகுதியை முதலில் கீட்டோகுளூட்டாரிக் அமிலத்திடம் ஒப்படைக்கின்றன. அதனைப் பெற்றுக் குளூட்டாமிக் அமிலமாக மாறும் அப்பொருள், பிறகு பிராணவாயுவின் துணையோடு நடைபெறும் சுவாசத்தின் ஊடே அம்மோனியாவை விடுவித்துவிட்டுப் பழைய உருவத்தை அடைந்து, அடுத்த அமினோ தொகுதியை ஏற்கத் தயாராகிறது. ஆர்ஜினினில் நான்கு நைட்ரஜன் அணுக்கள் உள்ளமையால் அது பாக்டீரியாவுக்கும் பயிருக்கும் பெரிய நிதி: அதிலிருந்து முதலில் யூரியா பிரிகிறது, யூரியேஸ் என்னும் நொதி அந்த யூரியாவை அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் ஆக்குகிறது. இன்று மூட்டைகளில் வாங்கி வயலில் வீசும் யூரியாவை மாற்றுவதும் மண்ணிலுள்ள இதே யூரியேஸ்தான். எனவே செயற்கை உரமும் இயற்கை எருவும் ஒரு கட்டத்தில் ஒரே வாயில் வழியாகவே பயிரை அடைகின்றன.

மக்கும் எருக்குழியின் நாற்றத்துக்கும் இங்கேதான் காரணம் இருக்கிறது. காற்றுப் புகாத இடங்களில் சில பாக்டீரியாக்கள் அமினோ தொகுதியை விட்டுவிட்டுக் கார்பன் உடலின் ஒரு முனையைக் கரியமில வாயுவாக அறுக்கின்றன. அப்பொழுது லைசினிலிருந்து பிணநாற்றம் வீசும் காடவரின் என்ற பொருள் பிறக்கிறது. கந்தகம் உடைய சிஸ்டீனிலிருந்து அழுகிய முட்டையின் மணமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு எழுகிறது. டிரிப்டோஃபேன் ஒன்றே, சில பாக்டீரியாக்களின் கையில் துர்நாற்றமுடைய இண்டோலாகவும், வேரைச் சுற்றி வாழும் வேறு சிலவற்றின் கையில் வேர் கிளைப்பதற்குத் தூண்டும் இண்டோல் அசிடிக் அமிலமாகவும் ஆகிறது. மூலப் பொருள் ஒன்றாயிருக்க, காற்றும் ஈரமும் வாழும் ஜீவனும் மாறுவதற்கேற்ப அதன் பரிணாமமும் மாறுகிறது.

இனி, மிஞ்சும் நைட்ரஜன் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது அவசியம். பாக்டீரியாவின் உடல் ஏறத்தாழ ஐந்து பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு நைட்ரஜன் என்ற விகிதத்தில் அமைந்தது. தான் உண்ணும் கார்பனில் சுமார் ஐந்தில் இரண்டு பங்கை அது உடலாக்கிக்கொண்டு, எஞ்சியதைச் சக்திக்காக எரித்துவிடுகிறது என்று கொள்வோம். நூறு கிலோ கடலைப் பிண்ணாக்கில் ஏறத்தாழ ஐம்பது கிலோ கார்பனும் ஏழு கிலோ நைட்ரஜனும் உண்டு. உடலாகும் இருபது கிலோ கார்பனுக்கு வேண்டிய நைட்ரஜன் நான்கு கிலோ. மீதி மூன்று கிலோ அம்மோனியாவாகி உடனே பயிருக்குக் கிடைக்கிறது. பாக்டீரியாவின் உடலில் தங்கிய நான்கு கிலோவும் அவை மடிய மடியப் பின்னர் வெளிவருகிறது. நூறு கிலோ வைக்கோலிலோ நாற்பது கிலோ கார்பன் இருக்க, நைட்ரஜன் அரை கிலோ அளவே இருக்கிறது. பதினாறு கிலோ கார்பனை உடலாக்க மூன்று கிலோவுக்கு மேல் நைட்ரஜன் தேவைப்படும் பாக்டீரியா, குறைகின்ற ஏறத்தாழ இரண்டே முக்கால் கிலோவையும் மண்ணில் ஏற்கெனவே இருந்த இருப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. வைக்கோலைப் பச்சையாக மடக்கி உழுதுவிட்டு உடனே நட்ட வயலில் பயிர் வெளுத்து நிற்பது இதனால்தான். எரு கெட்டதன்று, பாக்டீரியா பயிரை முந்திக்கொண்டது என்பதே அதன் பொருள். வைக்கோலோடு சாணத்தையோ கோமியத்தையோ பிண்ணாக்கையோ கலந்து மக்கவிடும் வழக்கம் இந்தக் குறையை முன்கூட்டியே நிரப்பிவிடும் அரிய உபாயம்.

இதுவரை கூறியது பெரும்பாலும் காற்று உலாவும் மேட்டு நிலத்துக்குப் பொருந்தும். நெல் வயலின் சேற்றில் என்ன நடக்கிறது என்பது தனி ஆராய்ச்சிக்குரிய விஷயமாக இருந்தது. இதற்கு விடை கண்டவர்களில் முதன்மையானவர் நம் நாட்டவரான டாக்டர் வி. சுப்பிரமணியன். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி, 1927ஆம் ஆண்டில், நீர் தேங்கிய மண்ணின் உயிர்-ரசாயனத்தைப் பற்றி அவர் வரிசையாக வெளியிட்ட கட்டுரைகளில், நீர் தேங்கும்பொழுது மண்ணில் நைட்ரேட் உண்டாவது நின்று அம்மோனியா பெருகுகிறது என்பதைக் காட்டியதோடு, அந்த அம்மோனியாவை உண்டாக்கும் நொதி ஒன்று சேற்றிலேயே இருக்கிறது என்பதையும் நிரூபித்தார். நுண்ணுயிர்கள் பெருகாமல் தடுக்கும் டொலுவீனைச் சேர்த்தபிறகும், கிளைசின் என்னும் மிக எளிய அமினோ அமிலத்திலிருந்து மண் அம்மோனியாவைப் பிரித்துத் தந்தது. ஆதலால் அவ்வேலை புதிதாகப் பிறந்து பெருகும் கிருமிகளின் வேலையாக மட்டும் இருக்கமுடியாது, நொதியின் வேலையாகவே இருக்கவேண்டும் என்பது அவர் முடிவு. நொதி என்பது எத்தகைய பொருள் என்று உலக விஞ்ஞானிகள் தர்க்கம் செய்துகொண்டிருந்த காலம் அது. அமெரிக்காவில் ஸம்னர் என்பவர் யூரியேஸைப் படிகமாகப் பிரித்து நொதியும் ஒரு புரதமே என்று சொன்னது அதற்கு முந்தின ஆண்டில்தான். அத்தகைய காலத்தில், கோடிக்கணக்கான மக்கள் உண்ணும் நெல் விளையும் சேற்றின் நிலையைச் சோதனைக்கூடத்தில் ஆராய்ந்து, அதில் அமினோ அமிலம் உடையும் வகையைக் காட்டியது நாம் பெருமையோடு நினைக்கத் தக்க காரியம்.

சேற்றின் மேல் தங்கிய நீர் பிராணவாயு உள்ளே இறங்குவதைத் தடுத்துவிடுகிறது. அந்நிலையில் சக்திக்கு வழி காணும் திறமை குளோஸ்ட்ரிடியம் என்ற இனத்துக்கு உண்டு. கேம்பிரிட்ஜில் ஸ்டிக்லண்ட் என்பவர் 1934ஆம் ஆண்டில் கண்டறிந்து கூறியபடி, இவ்வின பாக்டீரியா அமினோ அமிலங்களை இரண்டிரண்டாகச் சேர்த்து உடைக்கிறது: அலனின் ஒன்று எலெக்ட்ரான்களைக் கொடுக்கிறது, கிளைசின் இரண்டு அவற்றை ஏற்றுக்கொள்கின்றன, முடிவில் அசிடிக் அமிலமும் கரியமில வாயுவும் அம்மோனியாவும் உண்டாகின்றன. பிராணவாயு செய்யவேண்டிய உதவியை ஓர் அமினோ அமிலம் மற்றொன்றுக்குச் செய்துவிடுகிறது என்பது எவ்வளவு ஆச்சரியமான ஏற்பாடு! இவ்வாறு சேற்றில் பிறந்த அம்மோனியா, நேர்மின்னூட்டம் பெற்ற அம்மோனியமாகி, களிமண்ணின் எதிர்மின்னூட்டத்தால் பற்றிக்கொள்ளப்பட்டு, தண்ணீரோடு அடித்துச் செல்லப்படாமல் நெல்லுக்காகக் காத்திருக்கிறது. நெற்பயிரும் அம்மோனியத்தை விரும்பி ஏற்கும் இயல்பு உடையது.

மேட்டு நிலத்திலோ அம்மோனியா அந்த உருவத்தில் நீடிப்பதில்லை. நைட்ரோஸோமோனஸ் போன்ற பாக்டீரியா அதனை நைட்ரைட்டாகவும், நைட்ரோபாக்டர் போன்றது அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. 1890ஆம் ஆண்டளவில் ருஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி இவற்றைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். நைட்ரேட் எளிதில் கரைவது. களிமண் அதனைப் பற்றுவதில்லை. கன மழை பெய்தால் அது வேருக்கும் கீழே இறங்கிவிடும். காய்ந்த வயலில் உண்டான நைட்ரேட்டின்மேல் திடீரென்று நீரைத் தேக்கினால், காற்றில்லாப் பாக்டீரியாக்கள் அதிலுள்ள பிராணவாயுவைப் பறித்துக்கொண்டு நைட்ரஜனை வாயுவாக ஆகாயத்தில் விட்டுவிடும். நெல் வயலைக் காயவிட்டும் நனைத்தும் மாறி மாறி வைப்பதால் தழைச்சத்து வீணாவதற்கு இதுவே காரணம். வேப்பம் பிண்ணாக்கைக் கலந்து இடுவதனால் பயன் உண்டு என்று உழவர் கண்டதும், வேம்பிலுள்ள கசப்புப் பொருள்கள் நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்களின் வேலையைத் தாமதப்படுத்துகின்றன என்று ஆராய்ச்சியாளர் கண்டதும் ஒன்றையொன்று ஆதரிப்பவை.

இந்த அறிவிலிருந்து செய்கைக்குரிய சில விதிகள் பிறக்கின்றன. தக்கைப்பூண்டு, சணப்பு, கொளுஞ்சி ஆகியவற்றைப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழவேண்டும். அப்பொழுதுதான் இளந்தண்டில் புரதம் மிகுந்தும் நார் குறைந்தும் இருக்கும். முற்றவிட்டால் வைக்கோலின் தன்மை வந்துவிடும். பிண்ணாக்கை விதையின் மேலேயே குவித்து இடக்கூடாது. வேகமாகப் பிறக்கும் அம்மோனியாவும் அசிடிக் முதலிய அமிலங்களும் முளையைச் சுடும். தூளாக்கி மண்ணோடு கலந்து, ஈரம் இருக்கச் சில நாள் விட்டு விதைப்பதே முறை.

இக்காலத்தில் மீனையும் வெல்லத்தையும் ஊறவைத்துத் தயாரிக்கும் மீன் அமிலத்தை உழவர் பலர் கரைத்துத் தெளிக்கிறார்கள். அதிலுள்ள அமினோ அமிலங்களைப் பயிர் நேராக உறிஞ்சுமா என்ற கேள்விக்கு ஆம் என்றே விடை சொல்லலாம். ஸ்வீடன் நாட்டின் வடகாடுகளில் வாழும் தாவரங்கள் அமினோ அமிலத்தை முழுதாகவே உறிஞ்சுகின்றன என்று நாஸ்ஹோல்ம் முதலியோர் 1998ஆம் ஆண்டில் நிரூபித்திருக்கிறார்கள். ஆயினும் நம்முடைய வெப்ப நாட்டு மண்ணில் பாக்டீரியாவோடு போட்டியிட்டு வேர் வெல்வது அரிது. மண்ணில் விழுந்த அமிலத்தின் பெரும்பகுதி முதலில் பாக்டீரியாவையே சேரும். அதனால் அது வீணாகிவிட்டதாகக் கொள்ளவேண்டியதில்லை. மண்ணின் ஜீவராசிக்குக் கொடுத்த ஆகாரமென்று கருதி, நிலத்தின் முழுத் தேவைக்கு எருவும் தழையும் தனியே இடவேண்டும் என்பதே பொருள்.

எல்லாவற்றினும் முக்கியமான விதி ஒன்று உண்டு: பிண்ணாக்கை ஊருக்கு வெளியே விற்றுவிடக்கூடாது. வேர்க்கடலை தன் வேர் முண்டுகளில் வாழும் பாக்டீரியாவின் துணையால் ஆகாயத்து நைட்ரஜனைப் பிடித்து அமினோ அமிலமாக்கிப் பருப்பில் சேர்த்துவைக்கிறது. அப்பருப்பிலிருந்து பிரியும் எண்ணெயோ கார்பனும் ஹைட்ரஜனும் பிராணவாயுவும் மட்டுமே சேர்ந்தது. அதில் நைட்ரஜன் அநேகமாக இல்லை. ஆகவே எண்ணெயை விற்கிற ஊர் தன் மண்ணின் தழைச்சத்தை விற்பதில்லை. பிண்ணாக்கை விற்கிற ஊரோ மண்ணையே விற்கிறது. இந்திய விவசாயத்தைப் பார்வையிட 1889ஆம் ஆண்டில் வந்த டாக்டர் வோல்க்கர், தம் அறிக்கையில், எண்ணெய் வித்துக்களையும் எலும்பையும் அயல்நாட்டுக்கு ஏற்றுமதி செய்வது மண்ணின் வளத்தையே ஏற்றுமதி செய்வதாகும் என்ற கவலையை வெளியிட்டது இந்தக் காரணம் பற்றியே.

பிண்ணாக்கை நிலத்துக்கே இடுவதா, மாட்டுக்கு இடுவதா என்று ஒருவர் கேட்கலாம். டாக்டர் சுப்பிரமணியன் பிற்காலத்தில், 1950ஆம் ஆண்டில் மைசூரில் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முதல் டைரக்டராக இருந்தபோது, சுத்தமாகத் தயாரித்த கடலைப் பிண்ணாக்கு மாவு முக்கால் பங்கும் கொண்டைக்கடலை மாவு கால் பங்கும் சேர்ந்த பல்நோக்கு உணவை அங்கே மனிதருக்கே தயாரித்துக் கொடுத்தார்கள். சேற்றில் அமினோ அமிலம் உடைவதை ஆராய்ந்தவருடைய தலைமையில், அதே அமினோ அமிலம் ஏழைக் குழந்தையின் உடலை வளர்க்கவும் வழி பிறந்தது. மனிதனும் மாடும் உண்ட புரதத்தின் நைட்ரஜனில் ஒரு பகுதியை உடலிலும் பாலிலும் வைத்துக்கொண்டு, பெரும்பகுதியைச் சாணத்திலும் மூத்திரத்திலும் வெளியே விட்டுவிடுகிறார்கள். மூத்திரத்தில் அது யூரியாவாக, பாக்டீரியாவின் பாதி வேலை முடிந்த நிலையிலேயே வெளிவருகிறது. ஆதலால் பிண்ணாக்கை முதலில் கறவை மாட்டுக்குக் கொடுப்பது நஷ்டமன்று, இரட்டை லாபம். ஆனால் சாணத்தை மட்டும் வாரிவிட்டுக் கோமியத்தைத் தொழுவத்து மண்ணிலே ஊறி வீணாகவிடுகிற இடத்தில் அந்த லாபத்தின் பெரும்பாகம் அம்மோனியாவாகக் காற்றில் போய்விடுகிறது. தொழுவத்தில் வைக்கோலையோ காய்ந்த சருகையோ பரப்பிக் கோமியத்தை உறிஞ்சவைத்து அதனை எருக்குழியில் சேர்ப்பவன், வைக்கோலின் குறையையும் கோமியத்தின் மிகுதியையும் ஒன்றாலொன்று சரிசெய்கிறான். இதற்குப் பெரிய மூலதனமோ அயல்நாட்டு இயந்திரமோ வேண்டாம். திருத்தணிச் சீமையில் இரண்டு மாடு வைத்திருக்கும் எந்தக் குடியானவரும் நாளைக் காலையிலேயே தொடங்கலாம்.